குளிர்காற்றில் வெப்பம் இறைக்கும் பெட்டி

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் பக்கம் போகும் வழியெல்லாம், கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விடவென்றே கட்டிய மாடிவீடுகளின் பக்கச் சுவர்களில் ஏசியின் அவுட்டோர் யூனிட்டுகள் தொங்குகின்றன. மே மாதத்து மதியத்தில் அவற்றில் ஒன்றின் விசிறிக்கு எதிரே கையை நீட்டினால் சுடுகாற்று அடிக்கும். பெட்டியின் பக்கத்தில் இரண்டு செம்புக் குழாய்கள், ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது. தடித்த குழாய் வால்வில் வந்து சேரும் இடத்தைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கும். உள்ளே படுத்திருப்பவருக்கு இது குளிர் தரும் இயந்திரம். சுவருக்கு வெளியே நிற்பவருக்கோ இது சூடு தரும் இயந்திரம்தான். இந்தப் பெட்டியைத் திருப்பி மாட்டியதாக நினைத்துக்கொண்டால், ஆஸ்லோவில் ஜனவரி மாதத்தில் ஒரு குடும்பத்தைக் கதகதப்பாக வைத்திருக்கும் ஹீட் பம்ப் கிடைத்துவிடுகிறது. வடக்கே குளிர்நகரங்களில் வாழ்வது நல்லதா கெட்டதா என்று நம்மூரில் அடிக்கடிப் பேசுகிறோம். போகப்போகிறவர்களும் பேசுகிறார்கள், போய் வந்தவர்களும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எப்போதும் தெர்மாமீட்டரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் மனிதனைப் பாதிப்பது வெளியே எத்தனை டிகிரி என்பதைவிட, அந்த டிகிரிக்கும் அவன் உடம்புக்கும் நடுவே எப்படிப்பட்ட வீடும் இயந்திரமும் நிற்கின்றன என்பதுதான். அதைப் புரிந்துகொள்ள ஹீட் பம்பைவிட நல்ல வழி இல்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். உறைபனிக் காற்றில் எடுப்பதற்கு வெப்பம் ஏது? குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, இருப்பதெல்லாம் வெப்பம்தான், கூடவோ குறையவோ. வெப்பத்தின் அடிமட்டம் பூஜ்ஜியத்துக்குக் கீழே 273 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அங்கிருந்து அளந்தால், மைனஸ் 10 டிகிரிக் காற்று 263 படி ஏறி நிற்கிறது, 20 டிகிரிக் காற்று 293 படி. பத்தில் ஒன்பது பங்கு வெப்பம் அந்தப் பனிக்காற்றிலேயே இருக்கிறது. கிணற்றில் நீர் இருக்கிறது, கீழே இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்து வயல்களில் ஒரு காலத்தில் ஏற்றம் இறைத்தார்கள், பிறகு மோட்டார் வந்தது. ஏற்றமும் மோட்டாரும் நீரை உண்டாக்குவதில்லை, தூக்கித் தருகின்றன. ஹீட் பம்பும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, தூக்கித் தருகிறது. சாதாரண ஹீட்டர் கம்பியில் ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் ஒரு யூனிட் வெப்பம்தான் வரும். அதே ஒரு யூனிட்டைத் தூக்கும் வேலைக்குச் செலவழித்தால், நடுத்தரக் குளிரில் மூன்று யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வந்து சேர்கிறது. அதில் இரண்டு பங்கு வெளிக்காற்று இலவசமாகத் தந்தது.

தூக்குவது எப்படி என்பதில் பெரிய மர்மம் இல்லை. குழாய்களுக்குள் ஓடும், மெக்கானிக்குகள் 'கேஸ்' என்று சொல்லும் திரவம் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கக்கூடியது. இன்று பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32, சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் மைனஸ் 20 டிகிரிக் காற்றுகூட அதற்கு அடுப்புதான். வெளிப்பெட்டியின் காயிலில் அது அந்தக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக் கொதித்து ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியைப் பிடித்து அழுத்துகிறது, அழுத்த அழுத்த அது சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. சூடேறிய ஆவி வீட்டுக்குள் இருக்கும் காயிலில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற குறுகிய வாசல் வழியே அழுத்தம் தளர்ந்து, சில்லிட்டு, மறுபடி வெளியே போகிறது. நம்மூர் ஏசியில் இதே சுற்று எதிர்த்திசையில் ஓடுகிறது. திசையை மாற்றுவது ரிவர்சிங் வால்வு என்னும் கைக்கடக்கமான ஒரு குழாய்த்துண்டு. நார்வேக்காரர் அதைத் தட்டிவிட்டால் கோடையில் அதே பெட்டி அவருக்கு ஏசி.

இந்த யோசனை புதிதல்ல. குளிர்விக்கும் இயந்திரத்தைக் கொண்டே கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-லேயே கெல்வின் பிரபு எழுதினார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-ல் ஆற்றுநீரிலிருந்து வெப்பம் இறைக்கும் ஹீட் பம்ப் ஒன்றைப் பொருத்தினார்கள். ஒரகடத்தில் வளாகம் வைத்திருக்கும் டான்ஃபாஸ் நிறுவனத்தின் பூர்விகமும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். டென்மார்க்கின் நார்ட்போர்க்கில், பெற்றோரின் பண்ணைவீட்டில், 1933-ல் மேட்ஸ் கிளௌசன் அதைத் தொடங்கியபோது செய்த பொருள் குளிர்பதன இயந்திரத்துக்கான எக்ஸ்பான்ஷன் வால்வு. பிறகு அதே நிறுவனம் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குத் தெர்மோஸ்டாட்டும் செய்தது. குளிர்நாட்டுக்காரர் குளிர்விக்கும் வால்வில் ஆரம்பித்து, சூடாக்கும் கருவிக்குப் போனதில் முரண்பாடே இல்லை, இரண்டும் ஒரே கலை. ஆனாலும் இயந்திரம் வீடுகளுக்குள் பரவலாக நுழைய 1973-ன் எண்ணெய் நெருக்கடி தேவைப்பட்டது. எண்ணெய் விலை எகிறியபோது ஸ்காண்டிநேவிய நாடுகள் விழித்துக்கொண்டன. இன்று நார்வேயில் நூறு வீடுகளுக்கு ஏறத்தாழ அறுபதில் ஹீட் பம்ப் இருக்கிறது. கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதை அந்த நாடு 2020-ல் தடையே செய்துவிட்டது.

மிதமான குளிருக்குச் சரி, கடுங்குளிரில் இது கைவிட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிணறு ஆழமாக ஆக, ஒரு குடம் நீருக்குப் படும் பாடு கூடும். மைனஸ் 5-லிருந்து 20 டிகிரிக்குத் தூக்கினால் 25 படி, மைனஸ் 20-லிருந்து தூக்கினால் 40 படி. எந்த இரவில் வெப்பம் அதிகம் வேண்டுமோ அந்த இரவில்தான் இயந்திரத்தின் பலன் குறைகிறது, மூன்று யூனிட் தந்தது இரண்டாகிவிடுகிறது. அதனால்தான் கடுங்குளிர் ஊர்களில் துணைக்கு ஒரு ஹீட்டரோ விறகு அடுப்போ வைத்திருக்கிறார்கள். உறைபனி இன்னொரு தொல்லை. காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்றின் ஈரம் உறைந்து, உப்பளத்தில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளை படரும். வேடிக்கை என்னவென்றால், மைனஸ் 15 டிகிரி வறண்ட காற்றைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரக்காற்றில்தான் இது அதிகம். வெள்ளை அடைத்துக்கொண்டதும் பெட்டி தானே அதைக் கண்டுகொள்கிறது. விசிறி நிற்கும், ரிவர்சிங் வால்வு ஒரு சீறலோடு திரும்பும், சூடான கேஸ் வெளிக்காயிலுக்குள் பாயும். பனி உருகிச் சொட்டும், பெட்டியிலிருந்து குபுகுபுவென்று வெண்ணிற ஆவி கிளம்பும். முதன்முறை பார்ப்பவர் தீப்பிடித்துவிட்டதோ என்று பயந்துவிடுவார். சில நிமிடங்களில் விசிறி மறுபடி சுழலத் தொடங்கிவிடும். இத்தனை தொல்லைக்குப் பிறகும், ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், வெறும் ஹீட்டரைவிட இது எப்போதும் முன்னால் நிற்கிறது.

இனி குளிர்நகரத்தின் கணக்குக்கு வருவோம். பாதகங்களில் முதலாவது மின்கட்டணம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வல்லக்கோட்டையில் மே மாதம் 38 டிகிரியை 25-க்கு இறக்க 13 படி போதும், வடக்கே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. 2013-ல் மைக்கேல் சிவாக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் குளிர்நகரமான மினியாபொலிஸையும் வெப்பநகரமான மயாமியையும் ஒப்பிட்டு, வீடுகளை இதமாக வைத்திருக்க மினியாபொலிஸுக்குச் சுமார் மூன்றரை மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டார். குளிர்நாட்டுக்காரர் நம் ஏசியைப் பார்த்து ஊதாரித்தனம் என்று சொன்னால், இந்த எண்ணை அவருக்கு நினைவூட்டலாம். இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கனமானது. 2021-ல் லான்செட் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்த உலகளாவிய ஆய்வு, வெப்பநிலையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் என்றும், அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு குளிரோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது. அப்படியானால் குளிர் ஊர் எமனின் ஊர் என்றுதானே ஆகிறது?

ஆகவில்லை. அதே ஆய்வில், மக்கள்தொகைக்கு ஏற்பக் குளிர்மரணம் மிகுந்த பகுதியாகத் தெரிவது ஸ்காண்டிநேவியா இல்லை, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா. ஐரோப்பாவுக்குள்ளேயே இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. 1988 முதல் 1997 வரை பதினான்கு நாடுகளின் குளிர்கால மரணங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2003-ல் வந்தது. குளிர்காலத்தில் மரணங்கள் எவ்வளவு கூடுகின்றன என்று பார்த்தால், இதமான போர்ச்சுகலில் 28 சதவீதம், உறைந்துபோகும் பின்லாந்தில் 10 சதவீதம். லிஸ்பனில் ஜனவரி மாதச் சராசரி 11 டிகிரிக்கு மேல், ஹெல்சிங்கியில் பூஜ்ஜியத்துக்கும் கீழ். ஆனால் ஹெல்சிங்கி வீட்டுச் சுவருக்குள் தடிமனான காப்புப் பஞ்சு இருக்கிறது, ஜன்னலில் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி இருக்கிறது, கதவிடுக்கில் ரப்பர் பட்டை இருக்கிறது. லிஸ்பன் வீடுகளில் பல, குளிர் இரண்டு மாதம்தானே என்று நம்பிக் கட்டியவை. இறந்தவர்களில் பலர் வயதானவர்கள், இதயமும் நுரையீரலும் நலிந்தவர்கள். பனியில் விறைத்துச் சாகவில்லை, வாரக்கணக்கில் சில்லென்ற அறையில் இருந்து மெல்ல நலிந்துபோனார்கள். குளிருக்குத் தயாரான ஊரில் குளிர் ஒரு செலவு. தயாராகாத ஊரில் அது உயிரை எடுக்கிறது.

குளிர்நகரத்துக்குச் சாதகமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். சமையலும் ஃபிரிட்ஜும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சேர்க்கின்றன. அங்கே இவையெல்லாம் வீட்டுக்கு வரவு, இங்கே செலவு. அங்கே ஒரு கம்பளி கூடப் போட்டால் மின்சாரம் மிச்சம், இங்கே ஓரளவுக்கு மேல் கழற்ற ஒன்றும் இல்லை. நம் உடம்பைக் குளிர்விப்பது வியர்வை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரே 35 டிகிரி காட்டும் அளவுக்குச் சூடும் புழுக்கமும் கூடினால், வியர்வை உலர வழியின்றி உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போகும் என்று 2010-லிருந்து அறிவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கே அதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது என்று பின்வந்த சோதனைகள் காட்டின. அத்தகைய புழுக்கத்துக்குப் போர்வை போன்ற எளிய மருந்து இல்லை. அயலார் கணக்கும் இருக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒருவருடைய அவுட்டோர் யூனிட் ஊதும் சூடு, ஏசி வாங்க முடியாத அடுத்த அறைக்காரரின் ஜன்னலுக்குள் போகிறது. வடக்கே ஹீட் பம்ப் தெருவிலிருந்து எடுத்த வெப்பம், சுவர் வழியே கசிந்து தெருவுக்கே திரும்பிவிடுகிறது.

இயந்திரம் தொடமுடியாத பாதகம் ஒன்று உண்டு, அது இருட்டு. வல்லக்கோட்டையில் ஆண்டின் மிகச் சிறிய பகல்கூடப் பதினோரு மணி நேரத்துக்கு மேல். டொராண்டோவில் அது ஒன்பது மணி நேரம், ஆஸ்லோவில் ஆறு. நார்வேயில் வாழும் இலங்கையரையும் இலங்கையிலேயே வாழ்பவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. நார்வேயில் இருந்தவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி வெகுவாகக் குறைந்திருந்தது. கறுத்த தோலுக்கு அதை உண்டாக்கக் கூடுதல் வெயில் வேண்டும், அங்கே பனிக்காலச் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் ஏறுவதில்லை. மாத்திரை எலும்பைக் காக்கும். மாலை நான்கு மணிக்கே கவியும் இருளில் தனித்திருக்கும் மனதுக்கு மாத்திரை போதாது. அந்தக் குறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதோடு, ஹீட் பம்ப் பொருத்தும் முதல் செலவு பெரிது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளை இன்னும் இயற்கை வாயு எரிக்கும் ஃபர்னஸ்தான் சூடாக்குகிறது. நார்வேக்கு அருவிகள் மலிவாக மின்சாரம் தந்தன, எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

நமக்கு இதனால் என்ன என்று கேட்பவர், ஒரகடத்தில் ஷிஃப்ட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறிப் பார்க்கட்டும். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களுடைய பெற்றோர் வாழும் ஊர்களில் ஜனவரி இரவு 7 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. ஐரோப்பாவின் கண்ணில் அது குளிரே இல்லை. ஹீட் பம்புக்கோ அது ஆழமில்லாத கிணறு, ஒரு யூனிட்டுக்கு நான்கு யூனிட் வெப்பம்கூட எதிர்பார்க்கலாம். ஆனால் அங்கே மூடிய அறையில் கரியடுப்பு மூட்டிப் படுத்து, கார்பன் மோனாக்சைடு மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. 'ஹாட் அண்ட் கோல்ட்' என்ற பெயரில் ரிவர்சிங் வால்வு வைத்த ஏசிகள் வட இந்தியக் கடைகளில் விற்கின்றன. வாங்குபவர் நடுத்தர வர்க்கத்தினர். தகரக் கூரைக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி உள்ள வீட்டில் அந்த ஏசியை மாட்டினாலும், இறைத்த வெப்பமெல்லாம் அந்த இடைவெளி வழியே போய்விடும். அந்த வீடுகளுக்கு முதலில் வேண்டியது இடைவெளியை அடைக்கும் ஒரு சட்டிச் சாந்தும், கூரைக்கு அடியில் ஒரு காப்புப் பலகையும்தான். அதே பலகை மே மாதத்தில் வெயிலையும் தடுக்கும்.