பரணில் கிடக்கும் சக்கர நாற்காலி

அப்பத்தாவுக்குப் பக்கவாதம். மதுரையில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊருக்குக் கூட்டி வரும்போது, சக்கர நாற்காலி, வாக்கர், நடுவில் ஓட்டை வைத்த கம்மோடு நாற்காலி, தலைமாட்டை உயர்த்தும் இரும்புக் கட்டில், காற்றுப் படுக்கை எல்லாம் கூடவே வந்து இறங்குகின்றன. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து அப்பத்தா போய்ச் சேர்கிறார். காரியம் முடிந்ததும் அத்தனையும் மாடிக்கோ கொட்டகைக்கோ ஏறிவிடுகின்றன. சிங்கம்புணரிப் பக்கம் இது பழகிப்போன கதை.

தென்னையும் கயிறும் சோறு போடும் ஊர் இது. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த ஒருவருக்கு அந்தக் காற்றுப் படுக்கை அன்றைக்கே வேண்டும். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவரைப் புரட்டிப் போடாமல் ஒரே பக்கமாகக் கிடத்தினால், சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து படுக்கைப் புண்ணுக்கு வழி திறந்துவிடும். அவருடைய வீட்டுக்கும் அப்பத்தா வீட்டு மாடிக்கும் இடையே இரண்டு தெருதான் இருக்கும். ஆனால் அங்கே ஒரு படுக்கை கிடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, இவர்களுக்கும் தோன்றாது.

தோன்றினாலும் கை நீளாது. இறந்தவர் படுத்த கட்டிலை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதா என்று கொடுப்பவர் தயங்குவார். செத்தவர் சாமானை வீட்டுக்குள் ஏற்றுவதா என்று வாங்குபவர் முகம் சுளிப்பார். இந்தத் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. துக்கம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கரைய நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. ஊர்ப் பொதுவில் இருக்கும் அண்டாவையும் தவலையையும் கல்யாணத்துக்கும் எடுக்கிறோம், கருமாதிக்கும் எடுக்கிறோம். போன முறை எந்த வீட்டில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலிருந்து வீட்டுக்கு நேரே போனால் அது செத்தவர் சாமான். நடுவில் பொதுவான ஓர் இடத்துக்குப் போய், கழுவி, பழுது பார்த்து, பேரேட்டில் ஏறி வந்தால் அது ஊர்ச் சாமான்.

கோழிக்கோட்டில் இது பல வருடங்களாக நடக்கிறது. அங்கே மருத்துவக் கல்லூரியை ஒட்டி 1993-இல் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்திலிருந்து ஊர் ஊராகத் தன்னார்வலர் குழுக்கள் கிளைத்தன. நோயாளியை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அந்தக் குழுக்கள் கட்டில், காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் எல்லாம் இரவலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. 2008-இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஜெருசலேமில் 1976-இல் ஊரி லுபோலியான்ஸ்கி தொடங்கிய யாத் சாரா அமைப்பும் இரவல் முறையில்தான் நாடு முழுக்கப் பரவியது. சிறு முன்பணம் கட்டி எடுத்துப் போகலாம். பொருளைத் திருப்பினால் பணமும் திரும்பும். நார்வேயிலோ இது அரசின் வேலை. கருவிகள் அரசுக்குச் சொந்தம், தேவை தீர்ந்ததும் உதவிக் கருவி மையத்துக்குத் திரும்பி, சரிசெய்யப்பட்டு, அடுத்தவருக்குப் போகின்றன.

நம் ஊர்களில் தானம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. விழா, மேடை, சால்வை, வரிசையாகப் புது நாற்காலிகள், ஒரு படம். அதற்குப் பிறகு அந்த நாற்காலி என்ன ஆனது என்று பார்க்கப் போகிறவர்தான் இல்லை. கொல்கத்தாவில் இருவர் பார்க்கப் போனார்கள். கௌதம் முகர்ஜியும் அமலேந்து சமந்தாவும் தானமாகச் சக்கர நாற்காலி பெற்றவர்களைத் தேடி ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்தவே இல்லை. உட்கார்ந்தால் வலி, தள்ளினால் களைப்பு, வீட்டுக்குள் திருப்ப இடமில்லை. கட்டுரைத் தலைப்பிலேயே அந்தத் தர்மத்தைப் பயனற்றது என்று எழுதினார்கள்.

கடுமையான சொல்தான். ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் புரியும். சாதாரணச் சக்கர நாற்காலியின் வெளி அகலம் ஏறத்தாழ 25 அங்குலம்; கழிவறைக் கதவு பெரும்பாலும் இரண்டடி. ஓர் அங்குலத்தில் மனிதர் வெளியே நிற்கிறார். வாசலில் படி, நிலையில் படி, கொல்லையில் படி. ஆகவே இரவல் கொடுக்கும் இடத்தில் முதலில் இருக்க வேண்டியது அளவு நாடா. உட்காருபவரின் இடுப்பகலத்தை அளக்க வேண்டும், கால் மிதி எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், வீட்டுக் கதவையும் அளக்க வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், தானே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவரான எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சொந்தப் பட்டறை வைத்து உபகரணங்கள் செய்கிறது. பட்டறையும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் இருப்பதன் அருமை அங்கே தெரியும்.

எல்லாவற்றையும் கை மாற்றவும் முடியாது. இரும்பு, அலுமினியச் சாமான்களைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் துடைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம். செயற்கைக் கால் ஒருவருடைய கால் அடிக்கட்டைக்கென்றே வார்த்தது. காலிபரும் அப்படியே, இன்னொருவருக்குப் போட்டால் புண்தான். கதீட்டர், நெபுலைசர் முகமூடி போன்றவற்றைத் தூக்கி எறிய வேண்டும். நாற்காலி மெத்தை நசுங்கியிருந்தால் புதிது போட வேண்டும். கான்சென்ட்ரேட்டர் வெளிவிடும் ஆக்சிஜனின் செறிவைச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2000-இல் வெளியிட்ட தான வழிகாட்டியில் ஒரு விதி உண்டு: கொடுப்பவர் தனக்கு ஏற்காத தரத்தை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது. பரணைக் காலி செய்வதற்காகக் கொடுப்பவர்களிடம் அதைச் சொல்லி மறுக்கும் தைரியம் பொறுப்பாளருக்கு வேண்டும்.

மறுபயன்பாடு மிக அவசியமாவது குழந்தைகளுக்கு. மத்திய அரசு 1981 முதல் நடத்தும் உதவி உபகரணத் திட்டத்தில் அதே கருவியை மறுபடி வாங்கப் பெரியவர்கள் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், சிறு குழந்தைகளுக்கு ஒரு வருடம். பிள்ளையோ மாதக் கணக்கில் வளர்கிறது. ஒரு குழந்தைக்குச் சிறிதாகிப்போன நாற்காலி புதுசு போலவே இருக்கும். அந்த அளவுக்கு வளர்ந்து வரும் இன்னொரு குழந்தை பக்கத்துக் கிராமத்தில் இருக்கும்.

சிங்கம்புணரிக்கு இது எட்டாத காரியமா? சக்கர நாற்காலியின் பேரிங்கும் ரிம்மும் சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியாத வித்தையல்ல. விட்டுப்போன குழாயை ஒட்ட வெல்டிங் பட்டறை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பிசியோதெரபி ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், அவருக்கு எது பொருந்தும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பூட்டுப் போட்ட ஓர் அறை, ஒரு பேரேடு, போனை எடுக்கும் ஒரு பொறுப்பானவர் போதும். கொடுப்பவர் பெயரைப் பேரேட்டில் பெரிதாக எழுதலாம். நாற்காலியின் முதுகில் மட்டும் ‘உபயம்’ வேண்டாம். அதில் உட்காருபவர் சந்தைக்கும் கோயிலுக்கும் போகிறபோது இன்னொருவர் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் நாலைந்து கம்மோடு நாற்காலிகளைச் சேர்க்கச் சொல்வேன். வாய்விட்டுக் கேட்கக் கூசும் சாமான் அது. அது இல்லாத வீட்டில் ஒரு மகளோ மருமகளோ, இடுப்பு ஒடிய, தினமும் ஒருவரைக் கொல்லை வரைக்கும் தூக்கிப் போய் வருகிறாள்.