முழங்கால் வீக்கமும் காசநோயும்

காசநோய் என்றதும் இருமலையே நினைக்கிறோம். அக்கிருமி இரத்தத்தின் வழியே முழங்கால் மூட்டிலும் சென்று தங்கக்கூடும். அடிபடாமலேயே ஒரு முழங்கால் மட்டும் வாரக்கணக்கில் வீங்கி, தொடை மெலிந்து வருமாயின், வாதமென்று பற்றுப் போட்டுக் காலங்கடத்தலாகாது. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் புலப்படாதிருக்கலாம். சளியிலும் கிருமி இராதிருக்கலாம். மூட்டு நீரையோ, உட்சவ்வின் சிறு துணுக்கையோ எடுத்துச் சோதித்தாலே நோய் உறுதிப்படும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நுரையீரலுக்குப் பொதுவாக 6 மாதம் போதுமெனில், மூட்டுக்குப் பெரும்பாலும் 12 மாதம் வேண்டும். வலி நீங்கியதும் மருந்தை நிறுத்திவிட்டு, பின்னர் மடங்காத காலுடன் உதவித்தொகை மனு தர வருவோரைக் காண்கையில் நமக்கு மனம் பொறுப்பதில்லை. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென மாதம் 1000 ரூபாய் 2024 நவம்பர் முதல் வழங்கப்படுகிறது. வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.