ஈர நாட்டில் உணவைப் பாதுகாத்தல்

ஈப்போவுக்கு அருகில் உள்ள தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பெயர் தந்தது ஒரு பழம். மலாய் மொழியில் 'ரம்புட்' என்றால் முடி. முடி முளைத்தாற்போல் இருப்பதால் அந்தப் பழம் ரம்புத்தான் ஆயிற்று. பருவம் வந்துவிட்டால் கொல்லையிலும் சாலையோரத்திலும் மரங்கள் சிவந்து நிற்கும். பறித்த பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம். அவர்களும் நமக்கே ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். மூன்று நான்கு நாட்களில் தோல் கறுத்துவிடும். மீதி குப்பைக்குப் போகும். அடுத்த சில வாரங்களில் ஆசைக்கு ஒரு பழம் வேண்டுமானாலும் கடைக்குப் போய்க் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கிடைக்கும் காலத்தில் சேர்த்து வைத்துக் கிடைக்காத காலத்தில் உண்பது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்ட பாடம். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து கித்தா மரம் சீவிய நம் முன்னோரும் அந்தப் பாடத்தை மூட்டையோடு சேர்த்தே கொண்டுவந்தார்கள். வடகம், மோர் மிளகாய், வற்றல், எலுமிச்சை ஊறுகாய், கருவாடு ஆகியவை தோட்டத்து லயங்களில் குறைந்த கூலியில் குடும்பம் நடத்திய தாய்மார்களுக்குக் கைகொடுத்த பொருள்கள். ஆனால், அவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் பிறந்தது வேறொரு வெயிலில். அந்த வேறுபாட்டை நாம் புரிந்துகொள்ளாவிட்டால், சேமிப்பது வீணாவதோடு உயிருக்கும் ஆபத்தாக முடியலாம். வீட்டில் உணவைப் பாதுகாக்க விரும்புவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

உணவு ஏன் கெடுகிறது? காரணம் இரண்டு. காய், கனி, மீன், இறைச்சி ஆகியவற்றின் உள்ளேயே இருக்கும் நொதிகள் ஒன்று. பழத்தைப் பழுக்க வைப்பதும் அவைதான். பழுத்தபின் அழுக வைப்பதும் அவைதான். மற்றொன்று வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர்கள். பூஞ்சணம், ஈஸ்ட், பாக்டீரியா என்று அவற்றை மூன்று வகையாகச் சொல்லலாம். இவை வாழ ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும், அதிகப் புளிப்போ உப்போ இல்லாத இடம் வேண்டும். நாம் செய்யும் பாதுகாப்பு முறைகள் எல்லாம் இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவதுதான். உலர்த்தினால் ஈரம் போகிறது. உப்பும் சர்க்கரையும் இருக்கிற ஈரத்தைக் கட்டி வைத்துக்கொள்கின்றன. புளிப்பு, பாக்டீரியாவை வளரவிடுவதில்லை. குளிர் எல்லாவற்றையும் மெதுவாக்குகிறது. கொதிக்க வைத்தால் பெரும்பாலானவை சாகின்றன.

முதலில் உலர்த்தலைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் வடகம் பிழிந்தால் இரண்டு மூன்று நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். அங்கே வெயில் மட்டுமல்ல, காற்றும் வறண்டது. இங்கே கிந்தா பள்ளத்தாக்கில் வெயில் இருக்கிறது. ஆனால் காற்று ஈரமானது. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு 80 அளவில் இருக்கிறது. பழங்களைத் திறந்த வெளியில் உலர்த்துவதற்கு ஈரப்பதம் 60-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உணவியல் வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. போதாக்குறைக்குப் பிற்பகலில் மழையும் வந்துவிடுகிறது. பகலில் பாதி காய்ந்து இரவில் மீண்டும் ஈரம் குடிக்கும் பொருளில்தான் பூஞ்சணம் குடியேறுகிறது.

அப்படியானால் இங்கே உலர்த்தவே கூடாதா? உலர்த்தலாம், ஆனால் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். காயை மெல்லியதாக அரிய வேண்டும். உப்பு நீரிலோ உப்பு மோரிலோ ஊறவைத்து, நீரை நன்றாக வடித்துவிட்டுப் பரப்ப வேண்டும். பாயிலும் தாம்பாளத்திலும் பரப்புவதைவிட, நான்கு செங்கல் மேல் வலைத்தட்டை வைத்துப் பரப்பினால் கீழேயும் காற்றோட்டம் கிடைக்கும். ஈ மொய்க்காமல் மேலே மெல்லிய வலைத்துணி போட வேண்டும். காலை வெயிலை நம்பலாம், பிற்பகலை நம்பக்கூடாது. மேகம் கூடுவதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். அன்றே காயாவிட்டால் மூடி மூலையில் வைக்காமல், தட்டோடு ஐஸ்பெட்டிக்குள் வைத்து மறுநாள் எடுக்க வேண்டும். மோர் மிளகாயை மாலையில் மீண்டும் மோரில் போடும் வழக்கம் உள்ளவர்கள், அந்தப் பாத்திரத்தையும் ஐஸ்பெட்டியில் வைப்பது நல்லது. வீட்டில் அடுப்புப் பெட்டி, அதாவது ஓவன் இருந்தால், அதை 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துக் கதவைச் சிறிது திறந்துவிட்டு உலர்த்துவது எல்லாவற்றிலும் நம்பகமானது.

காய்ந்தது என்று எப்படி அறிவது? வற்றல் வளையக்கூடாது, ஒடிய வேண்டும். ஆறியபின் கண்ணாடிப் போத்தலில் தளர்வாக இட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். போத்தலின் உட்புறம் வியர்த்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மீண்டும் உலர்த்த வேண்டும். வியர்க்காவிட்டால் இறுக மூடி இருட்டான இடத்தில் வைக்கலாம்.

பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துவிட்டு வறுத்துச் சாப்பிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். சிலவகைப் பூஞ்சணங்கள் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. நிலக்கடலை, மிளகாய், அரிசி, சோளம் போன்றவற்றில் அது சேரும். துடைத்தால் பூஞ்சணம் போகும், நஞ்சு போகாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் அழியாது. இது ஏதோ தூர தேசத்துக் கதை அல்ல. 1988-ஆம் ஆண்டு இதே பேராக் மாநிலத்தில், 'லோ ஷி ஃபன்' என்னும் அரிசி மாவு மீயைச் சாப்பிட்டபின் 13 சீனக் குழந்தைகள் ஈரல் செயலிழந்து மாண்டார்கள். அஃப்லாடாக்சினே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். உணவு கெடாதிருக்கச் சிலர் சேர்க்கும் போரிக் அமிலமும் அப்போது சந்தேகத்திற்கு உள்ளாயிற்று. ஆகவே பூஞ்சணம் கண்ட பொருளை யோசிக்காமல் எறியுங்கள். போரிக் அமிலம் போன்ற மருந்துகளை எந்தப் பலகாரத்திலும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது உப்பும் புளிப்பும். நம் ஈர நாட்டுக்கு உலர்த்தலைவிடப் பொருத்தமான முறை இது. நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் டுரியான் சுளையில் உப்பிட்டுப் புளிக்கவைத்துத் 'தெம்போயாக்' செய்கிறார்கள். சீனர்கள் வாத்து முட்டையையும் கீரையையும் உப்பில் இடுகிறார்கள். நாம் எலுமிச்சையை ஊறவைக்கிறோம். மூன்று இனத்தாரும் ஒரே விதியைத்தான் கைக்கொள்கிறோம்.

ஒரு கிலோ எலுமிச்சைக்கு 200 கிராம் உப்பு என்பது நல்ல அளவு. பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, உப்புடன் கலந்து கண்ணாடிப் போத்தலிலோ பீங்கான் ஜாடியிலோ இடுங்கள். பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் புளிப்பு பட்டால் அரிக்கும், அவை வேண்டாம். துண்டுகள் சாற்றில் மூழ்கியிருக்க வேண்டும். சாறு போதாவிட்டால் இன்னும் சில பழங்களைப் பிழிந்து விடுங்கள். தினமும் குலுக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டால் தோல் மெத்தென்று ஆகும். எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்க வேண்டும். இரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 'எண்ணெய் மேலே நின்றால் ஊறுகாய் கெடாது' என்று சொல்வார்கள். எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. அதனால் பூஞ்சணம் வளராது என்பது உண்மை. ஆனால் காற்று இல்லாத இடத்தில்தான் வளரும் பாக்டீரியாவும் உண்டு. மாங்காயும் எலுமிச்சையும் கெடாமல் இருப்பது அவற்றின் புளிப்பாலும் உப்பாலுமே. பூண்டில் அந்தப் புளிப்பு இல்லை. 1985-ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில், எண்ணெயில் இட்ட பூண்டைக் குளிரில் வைக்காமல் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் போட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கு ஆளானார்கள். ஆகவே பூண்டு ஊறுகாய்க்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தாராளமாகச் சேர்த்து, ஐஸ்பெட்டியிலேயே வையுங்கள்.

இனி, டின்னிலும் போத்தலிலும் அடைத்தல். பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து வெந்நீரில் கொதிக்கவைத்துப் பாதுகாக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1810-ஆம் ஆண்டு தம் அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தில் தகர டின்னுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் வெள்ளீயம் பூசினார்கள். அந்த ஈயத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிக அதிகமாக ஈயம் தந்த நாடு மலாயா. அதிலும் முதலிடம் இந்தக் கிந்தா பள்ளத்தாக்குக்கு. 1985-இல் ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் மூடப்பட்டன. தோட்டத்துக் கடையில் அடுக்கியிருந்த சார்டின் டின்னிலும் பால் டின்னிலும் நம் மண்ணின் ஈயமே பூசப்பட்டிருந்தாலும் வியப்பில்லை.

தொழிற்சாலை செய்வதை நாமும் வீட்டில் செய்யலாமா? இங்கேதான் நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். போட்டுலிசம் உண்டாக்கும் பாக்டீரியா மண்ணில் இருக்கிறது. கஷ்டகாலத்தில் அது விதைபோன்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கிவிடும். கொதிக்கும் நீரின் 100 டிகிரி சூடு அந்த உறையை அழிக்காது. தொழிற்சாலையில் நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற்றி அதை அழிக்கிறார்கள். வீட்டில் இறைச்சி, மீன், பயறு, காளான், சோளம் ஆகியவற்றைப் போத்தலில் அடைத்துச் சாதாரணமாகக் கொதிக்கவைத்தால், காற்றில்லாத போத்தலுக்குள் அந்த வித்து விழித்துக்கொண்டு நஞ்சைக் கக்கும். நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம். பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், விழுங்க முடியாமை, நாக்குக் குழறுதல், பிறகு மூச்சுத் திணறல் என்று நோய் முற்றும். இந்த அறிகுறி கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றாடம் சோறாக்கும் பிரஷர் குக்கர் போத்தல் அடைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதை நம்பி இவ்வேலையில் இறங்கக்கூடாது.

ஆனால் புளிப்பான உணவில் அந்த வித்து விழிப்பதில்லை. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 4.6-க்குக் கீழே உள்ளவற்றை வீட்டில் வெந்நீர் முறையில் அடைக்கலாம். அன்னாசி அவற்றில் ஒன்று. துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் பத்து நிமிடம் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே அரை லிட்டர் போத்தலில், மேலே அரை அங்குலம் இடம்விட்டு நிரப்புங்கள். விளிம்பைத் துடைத்து, புதிய மூடியால் மூடுங்கள். அடியில் துணி விரித்த பெரிய பானையில், போத்தலுக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்கும்படி வைத்து, கொதி வந்தபின் 15 நிமிடம் வையுங்கள். கேமரன் மலையில் இருப்பவர்கள் 20 நிமிடம் வைக்க வேண்டும்; உயரமான இடத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் அல்லவா? மறுநாள் மூடியின் நடுப்பகுதி உள்ளே குழிந்திருக்க வேண்டும். அழுத்தினால் எழும்பும் மூடி சரியாக அடைபடவில்லை. அதை ஐஸ்பெட்டியில் வைத்து விரைவில் உண்டுவிடுங்கள். தக்காளியின் புளிப்பு எல்லைக்கோட்டில் நிற்பது. அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, கடையில் விற்கும் போத்தல் எலுமிச்சைச் சாறு சேர்த்து 35 நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

நம் ரம்புத்தானை என்ன செய்வது? அது இனிப்பு மிகுந்த, புளிப்புக் குறைந்த பழம். டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகளும் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பை அளந்து பார்த்துத்தான் அடைக்கின்றன. அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆகவே ரம்புத்தானைப் போத்தலில் அடைத்து அலமாரியில் வைக்க வேண்டாம். தோலையும் கொட்டையையும் நீக்கி, எலுமிச்சைச் சாறு கலந்த சர்க்கரைப் பாகில் இட்டு, ஐஸ்பெட்டியின் உறைகுளிர்ப் பகுதியில் வைத்தால் பல மாதங்களுக்கு இருக்கும். இன்னொரு வழி, சுளையோடு சம எடை சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஜாம் காய்ச்சி, அதையும் ஐஸ்பெட்டியில் வைப்பது.

எந்தப் போத்தலானாலும் என்ன பொருள், எந்தத் தேதி என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ, சந்தேகம் வந்தாலோ, ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழந்தைகளும் கோழிகளும் எட்டாத இடத்தில் எறிந்துவிடுங்கள். சேமித்த பண்டத்தின் விலை சில வெள்ளிதான். புளிப்பானதைப் போத்தலில் அடைப்போம். புளிப்பில்லாததைக் குளிரில் வைப்போம். உலர்த்துவதை ஒடியும்வரை உலர்த்துவோம். இவற்றை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த பருவத்தில் நம் கொல்லைப் பழம் குப்பைக்குப் போகாது. நம் சாப்பாட்டு மேசைக்கு வரும்.