வெயிலுக்கு வேலை – 9: சுடாத தகடே நல்ல தகடு

நீச்சலைப் பற்றி வல்வெட்டித்துறைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்குப் போய், திரும்பியும் நீந்தி வந்தார். போகவர 51 மணித்தியாலம் எடுத்தது. அவர் பெயரில் ஊரில் இன்று நீச்சல் தடாகமும் உண்டு. ஆனால் கடல் தன் வெப்பத்தை இலகுவில் விடாது, வீட்டு வளவில் கட்டிய சிறு தடாகம் விட்டுவிடும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று இரவிரவாக வீசினால், நீச்சல் பழகவந்த பிள்ளை அதில் கால்மணி நேரத்திலேயே நடுங்கத் தொடங்கும். ரொறன்ரோவிலோ சிட்னியிலோ வளவில் தடாகம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. கூரையில் வெயில் தகடுகளைப் பூட்டி, தடாகத்து நீரை அவற்றினூடாக ஓடவிடுவது இதற்கு எளிய தீர்வு. அந்தத் தீர்வு பலிப்பதும் பிழைப்பதும் தகட்டின் விலையைவிடக் குழாய் வேலையில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

குளியலறைக்கு வெந்நீர் தரும் கருவியை மனத்தில் வைத்துக்கொண்டு தடாகத்துக்குக் குழாய் பூட்டுவதில்தான் முதற்பிழை நேர்கிறது. குளியலறைக்கு வேண்டியது கொஞ்ச நீர், அதுவும் நல்ல சூடாக. தடாகத்துக்கு வேண்டியது மிகப் பெருமளவு நீர், ஓரிரு பாகை கூடினாற் போதும். எட்டு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் உள்ள தடாகம் ஏறத்தாழ 45,000 லீற்றர் கொள்ளும். அதை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த 52 அலகு வெப்பம் வேண்டும். மின்பட்டியலில் வரும் அதே அலகுதான். நீர்ப்பரப்பில் பாதியளவு, அதாவது 16 சதுர மீற்றர் தகடு, மாரிகால வெயிலில் ஒரு நாளைக்கு 40 அலகளவு சேர்க்கலாம். தகட்டின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் நிமிடத்துக்கு மூன்று லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக நீர் ஓடினால், உச்சி வெயிலிற்கூட வெளிவரும் நீர் உள்ளே போன நீரைவிட இரண்டரை, மூன்று பாகைதான் கூடியிருக்கும். கைவைத்துப் பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தகடு திறம்பட வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

“நீர் வேகமாக ஓடினால் சூடேற நேரம் எங்கே?” என்பது பலரும் எழுப்பும் மறுப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் நிற்காது. தடாகத்துக்குப் போய்ச் சேரும் வெப்பம் நீரின் அளவையும் அது ஏறிய பாகையையும் பெருக்கி வருவது. வால்வைத் திருகி ஓட்டத்தைக் காற்பங்காக்கினால், வெளிவரும் நீர் ஏறத்தாழ பத்துப் பாகை கூடி வரும். ஆனால் சூடேறிய தகடு தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. கண்ணாடி மூடாத தகட்டில் ஒவ்வொரு பாகைக்கும் சதுர மீற்றருக்கு 20 வாற்று அளவில் வெளியேறும். காற்று பலத்தால் இன்னும் கூடும். இப்படிப் பார்த்தால், மெதுவாக ஓட்டுவதால் பிடித்த வெப்பத்தில் எட்டிலொரு பங்கு வீணாகிறது. யாழ்ப்பாணத்து நீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புக் கல்லின் அடியிலிருந்து வரும் நமது கிணற்று நீர் கடினமானது. பரப்புச் சூடாகச் சூடாகச் சுண்ணாம்பு கூடுதலாகப் படியும், நுண்குழாய்கள் அடைபடும். செப்புக் குழாய்த் தகட்டைத் தவிர்த்துப் பிளாஸ்ரிக் தகட்டை எடுப்பதும் இதனுடன் சேர்ந்த முடிவுதான். குளோரின் கலந்த நீர், கவனம் பிசகினால், செப்பை அரித்துவிடும்.

இனிக் குழாய்களுக்கு வருவோம். பம்பிலிருந்து வரும் நீர் வடிகட்டியைத் தாண்டிய பிறகே கூரைக்கு ஏற வேண்டும். இல்லாவிட்டால் குப்பை தகட்டில் சிக்கும். அங்கே ஒரு மூவழி வால்வு, வெயில் உள்ளபோது நீரை மேலே அனுப்பும், இல்லாதபோது நேரே தடாகத்துக்குத் திருப்பும். பம்ப் நின்றதும் கூரை நீர் வடிகட்டிக்குள் திரும்பி வராமல் ஒரு வழி வால்வு தடுக்கும். குளோரின் சேர்க்கும் கருவி இவை எல்லாவற்றுக்கும் பிறகு வர வேண்டும். தகடுகளை ஒன்றின் பின் ஒன்றாகத் தொடுத்தால் கடைசித் தகட்டுக்கு ஏற்கெனவே சூடான நீர்தான் போகும். ஆகவே எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் நீர் பெறும்படி பக்கம் பக்கமாக இணைக்க வேண்டும். நீர் கீழ் மூலையில் நுழைந்து, மறுகோடியின் மேல் மூலையால் வெளியேற வேண்டும். அப்போதுதான் எந்தத் தகட்டினூடாகப் போனாலும் பாதையின் நீளம் ஒன்றாக இருக்கும். ஒரே பக்கத்தால் நுழைந்து வெளியேறினால், அந்தப் பக்கத்துத் தகடுகள் நீரை இழுத்துக்கொள்ளும், மறுகோடித் தகடு காய்ந்து சுடும். வேலை முடிந்த அன்று நண்பகலில் ஒவ்வொரு தகட்டையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், அங்கே நீர் போகவில்லை அல்லது காற்று அடைத்திருக்கிறது.

நீரைக் கூரைக்கு ஏற்றுவதால் மின்செலவு கூடாதா என்றும் கேட்கலாம். குழாய் நிரம்பும் வரைதான் பம்புக்கு முழுப் பாரம். நிரம்பியபின் இறங்கும் நீர் ஏறும் நீரை இழுத்துக் கொடுக்கும். குழாய் ஒடுக்கமாக இருந்தால் இந்த இலாபம் உராய்வில் போய்விடும். பம்ப் நின்றதும் தகடுகள் உள்ளொடுங்காமல் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்றும் வேண்டும். நீர் ஓடும்போது அழுத்தம் உள்ள இடத்தில், தகடுகளின் நுழைவுப் பக்கமாக அதைப் பூட்ட வேண்டும். வல்வெட்டித்துறை வீடுகளில் கடலைப் பார்த்த கூரைச் சரிவு வடக்குச் சரிவு. மாரிச் சூரியன் தெற்கே நிற்கும், வாடையோ கடற்பக்கமிருந்து வரும். ஆகவே தகடுகளுக்கு உரியது தெற்குச் சரிவுதான். சிட்னியில் இது தலைகீழ், வடக்கே பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் உறைபனிக்கு முன் நீர் முழுதும் வடிந்துவிடுமாறு குழாய்களுக்குச் சரிவு கொடுக்க வேண்டும்.

கடைசி மறுப்புத்தான் கனமானது: கோடையில் நீரே வெந்துகிடக்கும் ஊரில் இதெல்லாம் எதற்கு? போட்டித் தடாகத்துக்கு 25 முதல் 28 பாகை வரைதான் விதி. 2010இல் அமெரிக்க நீச்சல் வீரர் பிரான் கிரிப்பன் ஐக்கிய அரபு இராச்சியத்தில், வெதுவெதுத்த கடலில் நடந்த நெடுந்தூரப் போட்டியின்போது இறந்தார். பின்னர் திறந்த நீர்ப் போட்டிகளுக்கு 31 பாகை உச்சவரம்பு வந்தது. சூடும் ஆபத்துத்தான். ஆனால் அதே குழாய்களில் நீரை இரவில் ஓட்டினால் தகடு வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிடும். ஈரப்பதன் மிகுந்த நம் கரையோரத்தில் இந்தக் குளிர்ச்சி சிறிதுதான், ஆனாலும் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம். மாரியில் முதலில் வாங்க வேண்டியது தகடல்ல, தடாகத்தை இரவில் மூடும் விரிப்பு. மேலே சொன்ன தடாகத்தில் நீர்மட்டம் நான்கு மில்லிமீற்றர் ஆவியாகித் தாழ்ந்தால் 128 லீற்றர் போகும், அதோடு 86 அலகு வெப்பமும் போகும். தகடு ஒரு நாள் முழுக்கச் சேர்ப்பதில் இரண்டு மடங்கு. நிலத்தடி நன்னீரைப் பெரிதும் நம்பியிருக்கும் குடாநாட்டில் அந்த 128 லீற்றரும் கணக்கில் வர வேண்டியவை. ஆகவே விரிப்பு முதலில், பிறகு போதிய பருமனுள்ள குழாய், அதன் பின்பே தகடு. வேலைக்கு வருபவர் எத்தனை பாகை சூடாக்கித் தருவேன் என்று சொன்னால், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஓடும் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.

(தொடரும்)