கால் அங்குலத்தை விட்டுக்கொடுக்கும் இருதயம்

தையல் மெசினின் காலடியில் விழுந்து கிடக்கும் வெட்டுத்துணித் துண்டுகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் அவை குப்பைக்கே போகின்றன. ஆயினும் அத்துண்டுகளைக் கொண்டே ஓர் இனம் தன் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காத்து வந்திருக்கிறது.

இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டோரக் கிராமங்களில் சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். இவர்களின் முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். போர்த்துக்கேயரின் கோவாவில் அடிமைகளாயிருந்து தப்பியோடிக் காட்டுக்குள் அடைக்கலம் புகுந்தோரும் அவர்களுள் அடங்குவர். இன்று இவர்களுள் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் உள்ளனர். ஆனால் இப்பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு தைக்கும் 'கவந்தி' என்னும் போர்வை மூன்று சமயத்தாருக்கும் பொதுவானது. ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வது அதன் முறை. நான்கு மூலைகளிலும் 'பூ' எனப்படும் முக்கோணத் துண்டுகளை வைத்தால்தான் போர்வை நிறைவுபெறும். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவையையும் சேர்த்துத் தைப்பதுண்டு.

நம் இல்லங்களிலும் இதைச் சிறிதாகச் செய்து பார்க்கலாம். இருதய வடிவில் ஒரு துணிக்கட்டம் போதும். ஒரு தாளை இரண்டாக மடித்து அரை இருதயத்தை வரைந்து வெட்டினால், விரிக்கும்போது இருபுறமும் ஒத்த அச்சு கிடைக்கும். துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து அச்சை விடப் பெரிய துணியாக்குங்கள். அதன்மேல் அச்சை வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். வளைவுகளிலும் மேற்புறப் பள்ளத்திலும் கத்தரிக்கோலால் சிறு வெட்டுகள் கொடுத்து, ஓரத்தை உள்ளே மடித்து, வேறொரு துணியின்மேல் வைத்துக் கையால் தையுங்கள்.

இவ்வேலை நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கிறது. ஒவ்வொரு துண்டும் தன் ஓரத்தில் கால் அங்குலத்தை மறைய விட்டால்தான் அடுத்த துண்டோடு இணையும். தன் அகலம் முழுவதும் வெளியே தெரிய வேண்டும் என்று நிற்கும் துண்டைத் தைக்கவே முடியாது. அடுத்தது, பள்ளத்தில் வெட்டு விழாவிட்டால் துணி மடியாது. இருதய வடிவமும் அமையாது. ஈட்டியால் ஊடுருவப்பட்ட நம் ஆண்டவரின் திரு இருதயத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அந்தக் காயத்தின் வழியாகவே அவர் தம் அன்பை நமக்குத் திறந்து காட்டினார்.

மட்டக்களப்பு வாவியோரத்து ஏறாவூரை அறிந்தோருக்கு இது வெறும் தையற்பாடமன்று. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் மண் அது. 1990 ஆகஸ்டில் ஒரே இரவில் அங்கு 100க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் திகதி, சற்றுத் தொலைவிலுள்ள சத்துருக்கொண்டானில் 100க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். இவ்விரு துயரங்களுக்கும் இடையே, ஆகஸ்ட் 15 அன்று, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் உடன்சென்ற இளைஞரும் காணாமற்போயினர்.

கிழிந்ததைக் கிழியாதது போல் காட்ட எந்தத் தையலாலும் இயலாது. தையல் தெரியத்தான் செய்யும். சித்திப் பெண்களின் கவந்தியிலும் ஒவ்வொரு தையலும் வெளியே தெரிகிறது. ஆயினும் அது பிள்ளையைப் போர்த்துகிறது.

ஆகவே, அன்பர்களே, திரு இருதயத்திற்குரிய யூன் மாதத்தில் உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து இப்படியொரு இருதயத்தைத் தையுங்கள். அயல்வீட்டு முஸ்லிம் சகோதரியிடமும் இந்துச் சகோதரியிடமும் ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்கிச் சேருங்கள். அதைக் கேட்பதற்காக அவர்களின் படியேறும்போது, உங்கள் பக்கத்துக் கால் அங்குலத்தை நீங்கள் முதலில் விட்டுக்கொடுத்தவர்களாவீர்கள். மிகுதியை இறைவன் தைத்துக்கொள்வார்.