பாத்திரங்கழுவிக் கழிவுநீர்ப் பின்னோட்டம்

பாத்திரங்கழுவிக் கழிவுநீர்ப் பின்னோட்டம் என்பது, கழுவுதொட்டியிலோ வடிகாலிலோ உள்ள அழுக்குநீர், பாத்திரங்கழுவி இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாய் வழியாக அதனுள் திரும்பி வருவதாகும். இதனால் கழுவிய பாத்திரங்கள் மீண்டும் மாசடைகின்றன. இயந்திரத்தைப் பொருத்தும்போதே இதனைத் தடுக்கலாம்.

காரணங்கள்

இயந்திரத்தின் அடிப்பகுதி கழுவுதொட்டியைவிடத் தாழ்வாக உள்ளது. தொட்டியின் கழிவுக்குழாய் அடைபட்டால், தேங்கிய நீர் தாழ்வான இடத்தை நாடி இயந்திரத்தினுள் செல்லும். துணி துவைக்கும் இயந்திரத்திற்குச் செய்வதுபோல் வெளியேற்றுக் குழாயைத் தரைவடிகாலில் விடுவதும் தவறாகும். முனை நீரில் மூழ்கினால் அழுக்குநீர் உள்ளே ஏறக்கூடும். கழுவுவதற்கான நீர் தானாக வடிந்துபோகவும் கூடும்.

தடுப்பு முறைகள்

* உயர்வளைவு: வெளியேற்றுக் குழாயைச் சமையல் மேடையின் அடிப்பரப்பு வரை உயர்த்திக் கட்டி, பின்னர் கழிவுக்குழாயில் இணைத்தல். செலவு மிகக் குறைவு. அனுமதிக்கப்படும் உயரம் இயந்திரத்தின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.
* காற்றிடைவெளி: கழிவுநீர் திறந்த இடைவெளியைக் கடந்து விழுமாறு அமைத்தல். இடையில் காற்று இருப்பதால் அழுக்குநீர் பின்னோக்கி உறிஞ்சப்படாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் குழாய் விதிகள் இதனைக் கட்டாயமாக்கியிருந்தன.
* ஒருவழி அடைப்பிதழ்: நீரை வெளிநோக்கி மட்டுமே விடும் வால்வு. உணவுத்துணுக்கு சிக்கினால் முழுமையாக மூடாது; எனவே இதனை மட்டும் நம்புதல் கூடாது.

கடலோரத் தாழ்நிலங்களில்

காரைக்கால் மாவட்டத்தின் பட்டினச்சேரி போன்ற ஊர்கள் கடல்மட்டத்தை ஒட்டிய சமநிலத்தில் அமைந்தவை. இத்தகைய இடங்களில், வடகிழக்குப் பருவமழையின்போது கடல்ஓதம் உயர்ந்திருந்தால் மழைநீர் மெதுவாகவே வடியும். வடிகால் நிரம்பினால், உயர்வளைவு இயந்திரத்தைக் காக்கும். ஆனால் தரைவடிகால் வழியாக வீட்டினுள் நீர் வருவதைத் தடுக்காது. அதற்கு வீட்டின் முதன்மைக் கழிவுக்குழாயில் தனி அடைப்பிதழ் தேவை. அது மூடியிருக்கும்போது இயந்திரத்தை இயக்கினால், வெளியேறும் நீர் போக வழியின்றி வீட்டினுள்ளேயே பெருகும். தரையில் நீர் ஏறுமுன் மின் இணைப்பையும் துண்டித்தல் வேண்டும்.

சோதித்தல்

இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கழுவுதொட்டியை நிரப்பித் திறந்துவிட வேண்டும். பின்னர் இயந்திரத்தின் அடியில் நீர் கூடியிருந்தால் பின்னோட்டம் உள்ளது எனக் கொள்ளலாம். வடிகட்டியின் அடியில் சிறிதளவு தெளிந்த நீர் எப்போதும் நிற்பது இயல்பே. அது பின்னோட்டம் அன்று.