கடலுக்கு அடியில் ஓர் இந்திய ராஜகுமாரர்!

திருவண்ணாமலை கோவிலின் கிழக்கு ராஜகோபுரத்தைப் பாராதவர் உண்டா? 11 நிலை. 217 அடி உயரம். அந்தக் கோபுரத்தை அப்படியே தரையில் படுக்க வைத்ததாக எண்ணிக் கொள்ளுங்கள். அதைவிட 13 அடி நீளமான ஒரு கப்பல்! மின்சாரத்தால், கடலுக்கு அடியில் ஓடும் கப்பல்!

1869-ம் ஆண்டில் அப்படி ஒரு கப்பலைக் கதையில் ஓட விட்டவர், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன். சிறுவர்களும் பெற்றோர்களும் சேர்ந்து படிப்பதற்காக பாரிஸ் நகரில் நடந்த ஒரு பத்திரிகையில் அது தொடர்கதையாக வந்தது. பெயர், "கடலுக்கு அடியில் இருபதாயிரம் லீக்".

இருபதாயிரம் லீக் என்பது ஆழம் அல்ல. கப்பல் போன தூரம். ஒரு லீக் என்றால் 4 கிலோ மீட்டர். மொத்தம் 80 ஆயிரம் கிலோ மீட்டர். அண்ணாமலையைக் கிரிவலம் வர 14 கிலோ மீட்டர். கப்பல் போன தூரம் நடக்க வேண்டுமானால் 5,700 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும்!

சுறாவுடன் சண்டை

கப்பலின் பெயர் "நாட்டிலஸ்". அதன் தலைவர் கேப்டன் நெமோ. மனிதர்களையே வெறுத்துக் கடலுக்குள் போனவர்.

மன்னார் வளைகுடாவில் ஓர் ஏழை முத்துச் சிப்பி எடுக்க மூழ்குகிறான். பெரிய சுறா பாய்ந்து வருகிறது. நெமோ கத்தியுடன் அதன்மீது பாய்கிறார். அவர் உயிரே போக இருந்த நேரத்தில், கப்பலில் கைதியாக இருந்த நெட் லேண்ட் ஈட்டியால் குத்திச் சுறாவைக் கொல்கிறான். மயங்கிக் கிடந்த ஏழைக்கு மூச்சு வந்ததும், நெமோ அவன் கையில் ஒரு பை நிறைய முத்துக்களை வைக்கிறார்.

மனிதர்களை வெறுத்தவருக்கு இவன்மீது மட்டும் ஏன் இத்தனை பாசம்?

யார் இந்த நெமோ?

"நெமோ" என்றால் லத்தீன் மொழியில் "யாரும் இல்லை" என்று பொருள். ரஷியாவிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்துக்காரராக அவரைக் காட்டவே வெர்ன் முதலில் விரும்பினார். பதிப்பாளர் சம்மதிக்கவில்லை. ஆகவே ரகசியம் மூடப்பட்டது.

1875-ல் முடிவடைந்த "மர்மத் தீவு" நாவலில் அது வெளியாயிற்று. சாகும் தறுவாயில் நெமோ தன் கதையைச் சொல்கிறார். அவர் பெயர் தக்கார். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன். திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை! (புந்தேல்கண்டுக்கும் மைசூருக்கும் எப்படிச் சம்பந்தம் ஏற்பட்டது என்று கேட்கக் கூடாது. வெர்ன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.) 1857-ல் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டார். தோற்றார். மனைவி, மக்களை இழந்தார். அதன் பிறகே கடலுக்குள் போனார்.

ஆங்கிலத்தில் மாற்றினார்கள்

பிரெஞ்சுக் குழந்தைகள் இதை அப்படியே படித்தார்கள். ஆனால் லண்டனில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், பிரிட்டிஷ் ஆட்சியைத் தாக்கும் பகுதிகள் மாற்றப்பட்டன. பல பதிப்புகளில் அதுவே திரும்பத் திரும்ப அச்சாயிற்று. நெமோவின் கோபம் நம் நாட்டுக் கோபம் என்பது அதில் மங்கிப் போயிற்று.

1954-ல் வந்த வால்ட் டிஸ்னி படத்தில் நெமோவாக நடித்தவர் ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன். 2003-ல் இன்னொரு ஹாலிவுட் படத்தில், தலைப்பாகையும் தாடியுமாக அந்த வேடத்தில் தோன்றினார் நம் நசிருதீன் ஷா!